அஹாரே முதல் பான்ஸாய் வரை

சூரிய தேவியாகிய அமதெராசு தன் தம்பி இழைத்த கொடுமைகளால் மனம் வெறுத்து ஒரு பாறைக் குகைக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டாள் என்றும், அதனால் விண்ணும் மண்ணும் இருளில் மூழ்க, எண்பது லட்சம் தேவர்களும் வானத்து ஆற்றங்கரையில் கூடி ஆலோசித்து, உசுமே என்னும் தேவமங்கையைக் கவிழ்த்துவைத்த தொட்டியின்மேல் ஏறி ஆடச்செய்தார்கள் என்றும், அந்த ஆட்டத்தைக் கண்டு அவர்கள் நகைத்த ஒலியைக் கேட்டு, நாம் இல்லாத இடத்தில் இவர்களுக்கு இத்தனை களிப்பு ஏது என்று தேவி கதவைச் சிறிதே நீக்கிப் பார்க்க, அருகில் மறைந்து நின்ற தோள்வலி மிக்க தேவன் ஒருவன் அவள் கையைப் பற்றி வெளியே கொணர்ந்தான் என்றும் ஜப்பானியரின் ஆதி புராணம் கூறும். 712-இல் எழுதி முடிக்கப்பெற்ற கோஜிகி என்னும் நூலில் இக்கதை இருக்கிறது. அந்நூல் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியை, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, 807-இல், இம்பே நோ ஹிரோநாரி என்னும் முதியவர் எழுதிவைத்தார். புரோகித வம்சம் ஒன்றில் பிறந்தவர். போட்டிக் குடும்பமொன்று அரசவையில் தம் குடும்பத்தின் உரிமைகளையெல்லாம் பறித்துக்கொண்டுவிட்டதே என்ற ஆற்றாமையால், எண்பது வயதைக் கடந்த நிலையில், பழைய மரபுகளையெல்லாம் திரட்டி, கோகோ ஷூயி என்னும் சிறு நூலாக்கி அரசருக்குச் சமர்ப்பித்தவர். குகையின் கதவு திறந்து ஒளி பரவிய அந்தக் கணத்தில் தேவர்கள் என்ன குரல் கொடுத்தார்கள் என்பதே அவர் சேர்த்த செய்தி.

முதலில் எழுந்த குரல் 'அஹாரே'. வானம் தெளிந்தது என்பதே அதன் பொருள் என்று ஹிரோநாரி உரை சொல்லுகிறார். அடுத்து எழுந்த குரலில் 'ஓமொஷிரோ' என்னும் சொல் வருகிறது. ஒருவர் முகம் ஒருவருக்கு வெண்மையாகத் தெரிந்ததால் அப்படிக் கூவினார்கள் என்பது அவர் விளக்கம். இன்றும் ஜப்பானியச் சிறுவன் ஒருவன் நல்ல கதையைக் கேட்டால், சுவையாக இருக்கிறது என்பதற்கு 'ஓமொஷிரோய்' என்றுதான் சொல்லுகிறான். ஹிரோநாரியின் சொல்லாராய்ச்சியைப் பிற்காலத்துப் பண்டிதர்கள் ஏற்கவில்லை. ஏற்காவிட்டாலும், ஒரு ஜாதியார் தங்கள் வியப்புக் குரல்களுக்குத் தேவலோகத்தில் பிறப்பிடம் தேடி, அதைச் சாஸனம்போல் எழுதிவைத்தார்கள் என்பது சிறிய விஷயமன்று.

திடுக்கிட்டோ களித்தோ ஒருவன் வாயிலிருந்து எழும் ஒலியை நாம் இயற்கையின் பாற்பட்டதாகவே எண்ணி வந்திருக்கிறோம். முள் குத்தினால் இரத்தம் வருவதுபோல அது தானே வருகிறது, அதற்குச் சரித்திரம் ஏது என்று நினைக்கிறோம். ஜப்பானியரின் வியப்புக் குரல்களைக் காலவரிசையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்த எண்ணம் நிலைக்காது. ஒவ்வொரு குரலுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு தொழில் உண்டு, பிறந்த நாள் குறித்துவைத்த குரல்கூட ஒன்று உண்டு. யார் முதலில் வியக்கலாம் என்பதற்கும் அங்கே விதி இருந்தது. கோஜிகியிலேயே, உலகைப் படைத்த தம்பதியராகிய இஸானாகியும் இஸானாமியும் ஒரு தூணை வலமும் இடமுமாகச் சுற்றிவந்து எதிர்ப்படும்போது, பெண்ணாகிய இஸானாமியே முந்திக்கொண்டு 'அனா' என்று வியந்து கணவனின் அழகைப் புகழ்ந்துவிட, அதனால் பிறந்த முதல் மகவு ஊனமுற்றதாகப் போயிற்று என்றும், தேவர்கள் குறி பார்த்து, பெண் முந்தி வாய் திறந்ததே குற்றம் என்று சொல்ல, இருவரும் மறுபடி தூணைச் சுற்றி, இம்முறை ஆண் முதலில் வியந்தான் என்றும் வருகிறது. ஓர் 'ஆ' என்னும் ஒலிக்குள் இத்தனை அதிகாரம் புகுந்திருந்தது.

தலைநகர் கியோத்தோவுக்கு மாறிய பின் வந்த ஹெயான் காலத்தில், அரண்மனைப் பெண்களே பெரும் எழுத்தாளர்களாக விளங்கிய அந்த நாட்களில், அஹாரே என்னும் பழைய குரல் அவாரே என்று உச்சரிப்பில் இளகிக்கொண்டு வந்ததோடு, கூவலாக மட்டும் நில்லாமல் ஓர் உணர்ச்சியின் பெயராகவும் வளர்ந்தது. முராசாக்கி ஷிகிபு பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கெஞ்சி கதையில் அச்சொல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வருகிறது. மஞ்சள் வெயிலைக் கண்டால் அவாரே, பழைய காதலியின் கையெழுத்தைக் கண்டால் அவாரே, பிறந்த குழந்தையின் முகத்தைக் கண்டாலும் அவாரே. அவளுடைய சமகாலத்தவளாகிய சேய் ஷோனாகோன் வேறு ஸ்வபாவம் உடையவள். கண்ணில் பட்டதையெல்லாம் கூர்மையாகக் கண்டு மகிழ்ந்து, 'ஒகாஷி' என்னும் சொல்லால் தன் வியப்பைத் தெரிவிப்பாள். அந்நாட்களில் 'ஒதோரோகு' என்னும் வினைச்சொல், இன்று அதற்குள்ள ஆச்சரியப்படுதல் என்னும் பொருளோடு, தூக்கத்திலிருந்து சட்டென்று விழித்துக்கொள்ளுதல் என்னும் பொருளிலும் வழங்கியது. வியப்பது என்றால் விழிப்பது என்று அந்த மொழி ஒருகாலத்தில் கருதியிருக்கிறது. இதைக் காட்டிலும் நல்ல இலக்கணம் வியப்புக்கு எந்தச் சாஸ்திரமும் வகுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குரலை எடுத்துக்கொண்டு, அதுவே இலக்கியம் அனைத்துக்கும் வேர் என்று நிலைநாட்டியவர் மோதோஓரி நோரினாகா என்னும் வைத்தியர். இஸே தேவாலயத்துக்குச் செல்லும் வழியில் உள்ள மாட்சுசாகா என்னும் வியாபார ஊரில், பருத்தித் துணி வணிகர் குடும்பத்தில் 1730-இல் பிறந்த அவர், வாணிகத்தில் மனம் செல்லாமையால் கியோத்தோவுக்குப் போய் வைத்தியம் பயின்று, ஊருக்குத் திரும்பி, பகலில் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்துப் பிழைத்துக்கொண்டு, இரவில் அண்டை அயலாருக்குக் கெஞ்சி கதையைப் பாடம் சொல்லிவந்தார். பிற்காலத்தில் வீட்டு மாடியில் நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ள சிறிய அறையொன்றை அவர் கட்டிக்கொண்டார்; ஏறிச்செல்லும் படிக்கட்டைக் கழற்றி வைத்துவிடலாம். அறையின் தூணில் ஒரு கயிறு தொங்கும்; ஆறு ஆறாகக் கோத்த முப்பத்தாறு சிறு மணிகள் அதில் இருக்கும்; எழுதி எழுதி மனம் சோர்ந்தபோது அதை அசைத்து அந்த ஒலியைக் கேட்டுத் தெளிந்துகொண்டு மீண்டும் எழுதுவார். 'மணி வீடு' என்று அந்த இல்லத்துக்கே பெயராயிற்று. கோஜிகிக்கு அவர் எழுதிய பேருரைக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

அஹாரே என்பது வானம் தெளிந்ததைக் குறிக்கும் என்ற பழைய உரையை அவர் தள்ளிவிட்டார். அது 'ஆ' என்றும் 'ஹாரே' என்றும் நெஞ்சிலிருந்து எழுகிற இரண்டு பெருமூச்சுகளின் சேர்க்கையே, வேறு பொருள் அதற்கு வேண்டியதில்லை என்றார். நிலவையோ மலரையோ கண்டவன் மனம் அசைந்து வாய்விட்டு வெளிப்படுத்தும் ஒலி அது. சோகத்துக்கு மட்டும் உரியது என்று பிற்காலத்தார் அதைக் குறுக்கியது பிழை. மகிழ்ச்சி, விருப்பம், விந்தை, காதல் எல்லாவற்றிலும் அது எழும் என்று விளக்கினார். இதற்கு மேல் அவர் சொன்னதுதான் மிக அரிய கருத்து. மனத்தில் பொங்குவதை அடக்க முடியாதபோது மனிதன் தன்னை அறியாமல் குரலை நீட்டுகிறான், நீண்ட குரல் தானே ஒழுங்கு பெற்று அழகு பெறுகிறது, அதுவே பாட்டு. அப்பாட்டையும் அவன் தனக்குள்ளே வைத்துக்கொண்டால் பாரம் இறங்குவதில்லை. கேட்கிறவன் ஒருவன் வேண்டும். அவனும் கேட்டு 'ஆ' என்று நெகிழ்ந்தால்தான் இவன் மனம் ஆறும். 1763-இல், முப்பத்து மூன்றாம் வயதில், இரண்டு நூல்களில் நோரினாகா இக்கருத்தை விரித்து எழுதினார். கவிதை அரசனுக்கு நீதி புகட்டவே பிறந்தது என்று சீன சாஸ்திரங்களைக் காட்டி வாதித்த பண்டிதர்கள் நிறைந்த காலத்தில், மாட்சுசாகாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு குழந்தை வைத்தியர், கவிதை ஒரு கூவலிலிருந்து பிறந்தது, கேட்பவனைத் தேடிச் செல்வது என்று எழுதத் துணிந்தது பெரிய காரியம்.

இவ்விடத்தில் நம் மொழியும் வந்து சேருகிறது. பழைய ஜப்பானிய மொழிக்கு மதிப்பு வாய்ந்த அகராதி ஒன்றைத் தொகுத்த ஓனோ ஸுஸுமு என்னும் அறிஞர், தம் வாழ்நாளின் பின்பகுதி முழுவதையும் ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு காட்டும் முயற்சியில் செலவிட்டவர். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்களான சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு உழைத்தார்கள். அவர் இணை காட்டிய சொற்களில் அஹாரேயும் ஒன்று. அதற்கு நேராக அவர் வைத்தது 'அவலம்' என்னும் நம் சொல். மொழிநூலார் பெரும்பாலோர் அவருடைய கொள்கையை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் அதை நிரூபிக்கப்பட்டதாகக் கொள்ளவில்லை. ஆனால் தம் நாட்டின் மிக மென்மையான சொல்லுக்குத் துணை தேடிச் சங்கப் பாட்டுகளுக்குள் வந்து நின்ற அந்த முதியவரின் அன்பைத் தமிழர் மறத்தல் ஆகாது.

வாளேந்தியவர் கையில் இதே குரல் வேறு உருவம் கொண்டது. நடுவில் ஓர் ஒற்றை அழுத்தி 'அப்பாரே' என்று சொல்லும்போது, பெருமூச்சாக இருந்தது வீர முழக்கமாகிவிடுகிறது. 'பேஷ்' என்றும் 'சபாஷ்' என்றும் நாம் சொல்லும் இடத்தில் அது வரும். 1185-இல் யாஷிமா கடற்கரையில் நடந்ததாக ஹெய்க்கே காவியம் கூறும் ஒரு நிகழ்ச்சி, அந்தக் காலத்து வியப்பின் தன்மையை நன்கு காட்டுகிறது. கடலில் படகேறி நின்ற ஹெய்க்கே குலத்துப் படையார், ஒரு கழியின் நுனியில் விசிறியைக் கட்டி, முடிந்தால் இதை அடியுங்கள் என்று கரையில் நின்ற கெஞ்சி குலத்துப் படையாருக்குச் சவால் விட, நாசு நோ யோஇச்சி என்னும் இருபது வயது இளைஞன் குதிரையைக் கடலுக்குள் செலுத்தி, காற்றும் அலையும் படகை ஆட்டிக்கொண்டிருக்க, ஒரே அம்பில் விசிறியை வீழ்த்தினான். உடனே கரையில் நின்றவர்கள் தங்கள் அம்பறாத்தூணிகளைத் தட்டி ஆரவாரித்தார்கள். கடலில் நின்ற பகைவர்களும் தங்கள் படகுகளின் விளிம்பைத் தட்டி வியந்தார்கள். கொல்ல வந்தவனுடைய வித்தையைக் கண்டு கைகள் தாமே மரத்தைத் தட்டின.

பாமர ஜனங்களின் குரல்களோ பயத்திலும் பக்தியிலும் பிறந்தவை. இடி இடித்தால் 'குவாபாரா, குவாபாரா' என்பார்கள். அநியாயமாக நாடு கடத்தப்பட்டு 903-இல் மாண்ட சுகாவாரா நோ மிச்சிஸானே என்னும் மந்திரி இடியாகத் திரும்பிவந்து பழிவாங்கியபோது, அவருக்கு உரிய குவாபாரா என்னும் இடத்தில் மட்டும் இடி விழவில்லையாம். காரியம் கெட்டுப்போய்த் திடுக்கிடும்போது 'நமுஸான்' என்று கூவுவது நாடக மேடைகளிலும் கதைகளிலும் வழங்கிவந்தது. நமக்கு நன்கு தெரிந்த 'நம' என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லே அதன் முதலில் நிற்கிறது. மும்மணிகளாகிய புத்தர், தர்மம், சங்கம் என்பவற்றுக்கு நமஸ்காரம் என்னும் சரண வாக்கியம், சீனத்தின் வழியாகக் கடல் கடந்து சென்று, அங்கே கால் இடறினவன் வாயில் 'ஐயையோ' என்பதற்கு நிகராகத் தேய்ந்து நின்றது. வியப்புக் குரல்களை ஜப்பானிய மொழியில் தனி இனமாக வகுத்து முதன்முதலில் அச்சிட்டவர், ஜோவாவ் ரோட்ரிகஸ் என்னும் போர்ச்சுகீசிய ஏசு சபைத் துறவி. அவருடைய பெரிய இலக்கணம் 1604 முதல் 1608 வரை நாகசாகியில் அச்சேறியது. அதே சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகள், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் முத்துக்குளித்துறையில் இருந்துகொண்டு தமிழுக்கு இலக்கணம் எழுதியவர்.

எடோ நகரத்தில், இன்று டோக்கியோ என்று பெயர் பெற்றுள்ள அந்தப் பெருநகரத்தில், வியப்புக் குரலுக்குப் பெயர்ச்சொல்லே கிடைத்துவிட்டது. யாமாட்டோ நாட்டிலிருந்து வந்த யாஹெய் என்பவர், நாணல் குழாய்க்குள் மருந்தை அடைத்துச் சிறு வாணங்கள் செய்து விற்று, 1659-இல் காகியா என்னும் கடையைத் தொடங்கினார். அவருடைய வம்சத்தார் சுமிதா நதியில் ரியோகொகு பாலத்தருகே கோடைக் காலத்தில் வாணவேடிக்கை நடத்தும் உரிமை பெற்று, தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கடையின் ஊழியர் ஒருவர் தனியே பிரிந்து கடை வைக்க அனுமதி பெற்றார். அவர் கடைக்குத் தாமாயா என்று பெயர். இனாரி தேவதையின் கோயிலில் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இரண்டு நரிகளில் ஒன்று வாயில் சாவியையும் மற்றொன்று மணியையும் கவ்வியிருக்கும். சாவி காகியாவுக்கும் மணி தாமாயாவுக்கும் பெயராயின. பாலத்துக்குக் கீழ்ப்புறம் காகியாவும் மேல்புறம் தாமாயாவும் நின்று மாறிமாறி வாணம் விட, பாலத்தின்மேல் நெருங்கி நின்றவர்களும், கூரை வேய்ந்த உல்லாசப் படகுகளில் மிதந்த செல்வர்களும், யாருடைய வாணம் நன்றாக மலர்ந்ததோ அவர் கடைப் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அக்காலத்து வாணங்களில் பச்சையும் நீலமும் இல்லை; கரியும் வெடியுப்பும் கந்தகமும் தரும் செம்பொன் நிறம் ஒன்றுதான்; ரசாயனப் பொருள்கள் மேல்நாட்டிலிருந்து வந்தது மெய்ஜி ஆட்சி தொடங்கிய பிறகே. அந்த ஒற்றை நிறத்தைக் கண்டுதான் எடோ ஜனங்கள் தொண்டை வற்றக் கூவினார்கள்.

1843-இல் தாமாயாவின் கடையில் தீப்பற்றி, அக்கம்பக்கத்துத் தெருவும் எரிந்துபோயிற்று. நாட்டை ஆண்ட படைத்தலைவராகிய ஷோகன் இயேயோஷி நிக்கோ புண்ணிய ஸ்தலத்துக்கு யாத்திரை புறப்படுவதற்கு முந்தைய நாளில் இது நேர்ந்தபடியால் குற்றம் இரட்டிப்பாயிற்று. தாமாயாவின் தலைவர் நகரத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஒரே தலைமுறையில் அந்தக் கடை அழிந்தது. ஆயினும் வாணம் மலர்ந்தால் ஜனங்கள் 'தாமாயா' என்று கூவுவதை நிறுத்தவில்லை. நதியில் நடக்கும் பெரிய வாணவேடிக்கை 1961-க்குப் பின் நின்று 1978-இல் மறுபடி தொடங்கியபோதும் அக்குரல் உடன் வந்தது. தொழிலில் பெயர் நிலைத்திருப்பது காகியாவுக்கு. குரலில் பெயர் நிலைத்திருப்பது தாமாயாவுக்கு. கெட்டுப்போனவனிடம் எடோ நகரத்தார் வைத்த இரக்கமே இதற்குக் காரணம் என்பார்கள். அதையும் ஏற்கிறேன், ஆனால் உச்சரித்துப் பார்த்தால் வேறொரு காரணமும் புலப்படும். தாமாயா என்பதில் வருவன எல்லாம் அகரத்தின் இனமான திறந்த உயிர்கள்; வானத்தை அண்ணாந்து பார்க்கிறவன், வாணம் கரையும் வரை அதை நீட்டிக்கொண்டு போகலாம். காகியாவில் நடுவே ஓர் இகரம் குறுக்கிட்டு வாயைக் குறுக்குகிறது. ஆற்றங்கரையில் கூவினவர்கள் இலக்கணம் படித்தவர்கள் அல்லர். அவர்கள் தொண்டைக்குத் தெரிந்திருந்தது.

கபுகி நாடகக் கொட்டகையில் இதே வழக்கம் ஒரு வித்தையாக உயர்ந்தது. முதலாம் இச்சிகாவா தான்ஜூரோ பிள்ளை வேண்டி நாரிதா ஆலயத்து ஃபுதோ தேவனை வணங்கி மகன் பெற்று, நன்றியாக அத்தேவனின் வேஷத்தையே மேடையில் பூண்டபோது, ஜனங்கள் 'நாரிதாயா' என்று கூவினார்கள் என்றும், அதுவே அந்தக் குடும்பத்தின் வீட்டுப்பெயராயிற்று என்றும் சொல்வர். ஒவ்வொரு நடிகர் குடும்பத்துக்கும் இப்படி ஒரு பெயர் உண்டு. நடிகர் கண்ணை உருட்டி, கழுத்தைத் திருப்பி, சிலைபோல உறைந்து நிற்கும் உச்ச கணத்தில், மரக்கட்டைகள் தரையில் படபடவென்று அடிக்கும் ஓசைக்கு நடுவே, அப்பெயர் மேலிருந்து வந்து விழும். கூவுகிறவர்கள் முன்வரிசையில் அமரும் செல்வர்கள் அல்லர். மேடைக்கு மிகத் தொலைவில், மலிவான சீட்டு வாங்கி மேல்மாடியில் நிற்பவர்கள். அந்த இடத்துக்கு 'ஓமுகோ' என்று பெயர். அங்கே நின்று கூவுகிற ரசிகர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. மூச்சளவு முந்தினால் நடிகரின் அசைவு கெடும். மூச்சளவு பிந்தினால் வசனத்தின்மேல் மோதும். நாடகம் முழுவதும் நெட்டுருவாகத் தெரிந்தாலொழிய அந்த இடைவெளியைப் பிடிக்க முடியாது. ஆகவே இது திடுக்கிட்டவன் குரல் அன்று. எத்தனையாவது நொடியில் வியக்க வேண்டும் என்று அறிந்து, அந்த நொடி வந்தபோது மெய்யாகவே வியந்து கூவுகிறவனுடைய குரல். பொய் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரே கீர்த்தனத்தை நூறாவது முறை கேட்கும் ரசிகன், அந்தச் சங்கதி வரும் இடத்தை அறிந்து காத்திருந்து தலையசைப்பது எப்படிப் பொய்யாகும்? கொள்ளைநோயின் காரணமாக மூடியிருந்த டோக்கியோ கபுகிஸா அரங்கு 2020 ஆகஸ்டில் திறந்தபோது, தொற்றுக்கு அஞ்சி இந்தக் கூவலைத் தடைசெய்தார்கள். நோரினாகா சொன்ன கேட்பவனுடைய 'ஆ' இல்லாமலே அந்நடிகர்கள் ஆடவேண்டி வந்தது.

தலைநகரங்களுக்கு அப்பால், வட்டார மொழிகளிலும் இக்குரல்கள் செழித்திருக்கின்றன. 'தாமகேத்தா' என்பார்கள், பல மாகாணங்களில். ஆவி அணைந்துபோயிற்று என்று அதன் எழுத்துகளுக்குப் பொருள். வடகிழக்கில் இவாத்தே மாகாணத்தின் குஜி நகரைச் சார்ந்த கொசோதே என்னும் கடற்கரைக் கிராமத்தில், குளிர்ந்த கடலில் மூழ்கி முள்ளெலி போன்ற கடலுயிரையும் சிப்பியையும் எடுத்துவரும் பெண்கள் உண்டு. அவ்வூரார் வியந்தால் 'ஜே' என்பார்கள். வியப்பு மிகுந்தால் 'ஜெஜே', 'ஜெஜெஜே' என்று அடுக்குவார்கள். 2011-இன் சுனாமி அந்தக் கரையையும் தாக்கி, மூழ்குபெண்களின் நிலையத்தை அடித்துச் சென்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2013-இல், ஜப்பானிய வானொலி தொலைக்காட்சி நிறுவனம் அப்பகுதியைக் களமாக வைத்து, 'அமாச்சான்' என்னும் தொடரைக் காலைதோறும் ஒளிபரப்பியது. ஆண்டு முடிவதற்குள் 'ஜெஜெஜே' நாடு முழுவதும் பரவி, அவ்வாண்டின் தலைசிறந்த புதுச்சொற்களில் ஒன்றாகப் பரிசும் பெற்றது. நகரத்தார் நாட்டுப்புறப் பேச்சைக் கேட்டு நகைத்த காலம் நீண்டது. அவர்களே அந்தக் குரலைக் கடன் வாங்கி வியந்த காலமும் வந்ததே என்று எண்ணும்போது நெஞ்சு குளிர்கிறது.

ஊர் தந்த குரல்களைச் சொன்னபின், அரசாங்கம் செய்த குரலைச் சொல்லாமல் விட முடியாது. 1889 பிப்ரவரி 11 அன்று ஜப்பானின் அரசியலமைப்புச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. அன்று மெய்ஜி சக்கரவர்த்தி அரண்மனையிலிருந்து அவோயாமா மைதானத்துக்குப் படை அணிவகுப்பைப் பார்க்க வண்டியில் செல்வதாக இருந்தது. அரசர் வரும்போது மண்ணில் நெற்றி வைத்து மௌனமாக வணங்குவதே அதுவரை வழக்கம். மேல்நாட்டு ராஜாக்களை ஜனங்கள் ஆரவாரித்து வாழ்த்துவதுபோல நம்மிடம் ஒரு குரல் இல்லையே என்பது பல்கலைக்கழகத்தாருக்குக் கவலையாயிற்று. கல்வி மந்திரி மோரி அரினோரி 'ஹோகா' என்னும் சொல்லைச் சொன்னார் என்றும், அதை இருமுறை தொடர்ந்து கூவினால் 'மடையன்' என்று பொருள்படும் 'அஹோ' காதில் விழுகிறது என்று கைவிட்டார்கள் என்றும், முடிவில் பேராசிரியர் தோயாமா மாஸகாஸு 'பான்ஸாய்' என்பதைத் தேர்ந்தார் என்றும் சொல்வர். பதினாயிரம் ஆண்டு என்று பொருள்படும் அச்சொல் சீனத்திலிருந்து வந்த பழைய சொல்லே. 788-இல் கடும் வறட்சிக்குப் பின் கம்மு சக்கரவர்த்தியின் பிரார்த்தனையால் மழை கொட்டியபோது, மந்திரிகள் கூத்தாடி அதைக் கூவினார்கள் என்று சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. ஆனால் அன்றைய உச்சரிப்பு வேறு. வாய் நிறைய ஒலிக்க வேண்டும் என்பதற்காக, இரண்டு வேறு மரபுகளின் உச்சரிப்பைச் சேர்த்து 'பான்ஸாய்' ஆக்கிக்கொண்டார்கள்.

அரண்மனை வாயிலுக்கு வெளியே வரிசையில் நின்ற மாணவர்கள் சக்கரவர்த்தியின் வண்டி வந்ததும் ஒருமிக்கக் கூவ, அதுகாறும் கேட்டறியாத முழக்கத்தால் வண்டிக் குதிரைகள் மிரண்டன என்று ஒரு செய்தி உண்டு. மந்திரி மோரியோ அதைக் கேட்கவில்லை. அன்று காலை விழாவுக்குப் புறப்படும் தருணத்தில், அவர் இஸே ஆலயத்தை அவமதித்தார் என்று நம்பிய ஓர் இளைஞன் அவரைக் குத்திவிட்டான். மறுநாள் அவர் உயிர் நீத்தார். அதே 1889-இல் ஓத்ஸுகி ஃபுமிஹிகோ என்னும் அறிஞர் தம் 'கென்கை' அகராதியை வெளியிடத் தொடங்கி, அதன் முகப்பில் வைத்த இலக்கணத்தில் வியப்புச் சொற்களுக்கு 'கான்டோஷி', மனம் அசைந்த சொல், என்று பெயரிட்டார் என்பதை இங்கே குறித்துவைக்க விரும்புகிறேன்.

மாணவர்கள் ஒத்திகை பார்த்துக் கூவிய குரல் ஐம்பது ஆண்டுக்குள் தேசத்தின் குரலாயிற்று. போருக்குச் செல்லும் பிள்ளையை ரயில் நிலையத்தில் வழியனுப்பும் தாய், அழக்கூடாது என்பதற்காக, இரு கையையும் தூக்கிப் பான்ஸாய் சொன்னாள். 1944 ஜூலையில் ஸைபான் தீவில் எஞ்சிய வீரர்கள், வென்று திரும்பும் நம்பிக்கை ஒருசிறிதும் இல்லாத நிலையில், அதைக் கூவிக்கொண்டு பாய்ந்து மாண்டார்கள். பெண்களும் குழந்தைகளும்கூட விழுந்து மாண்ட பாறை முகட்டுக்கு அக்குரலே இன்றும் பெயராக இருக்கிறது. மனம் அசைந்ததால் எழுவதே குரல் என்றார் நோரினாகா. மனம் அழும்போது வாயை வாழ்த்தச் சொன்னது இந்தக் குரல்; அதன் கொடுமை மடிந்தவர் தொகையால் மட்டும் அளக்கக் கூடியதன்று.

போருக்குப் பின்னும் பான்ஸாய் மறையவில்லை. திருமணத்தில் சொல்கிறார்கள், தேர்தலில் வென்றவன் வீட்டில் சொல்கிறார்கள். நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபை கலைக்கப்படும்போது, பதவி இழந்த அங்கத்தினர்களே எழுந்து நின்று அதைக் கூவுவது நெடுநாளைய சம்பிரதாயம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். 2014 நவம்பர் 21 அன்று சபாநாயகர் இபுகி புன்மெய், ஊதாப் பட்டில் வந்த கலைப்பு ஆணையை வாசித்துக்கொண்டிருக்கையில், கலைக்கிறேன் என்னும் சொல் வந்ததுமே அங்கத்தினர்கள் கைகளைத் தூக்கிக் கூவிவிட்டார்கள். ஆணையின் தேதியும் ஒப்பமும் இன்னும் வாசிக்கப்படாமல் இருந்தன. சபாநாயகர் எஞ்சியதையும் வாசித்து முடித்து, பான்ஸாயை இங்கேதான் சொல்ல வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அவர்கள் மறுபடியும் கைகளைத் தூக்கி இன்னொரு முறை கூவினார்கள்.